வாடகை ஒப்பந்தத்துக்கு நீங்களே முத்திரை வரி கட்டும் முறை

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் மாதம் 200 ரிங்கிட்டுக்கு அறை விடுகிறவர்கள்கூட இப்போது இதைப் படிக்க வேண்டும். முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு வரி இல்லை. 2025 ஜனவரி 1 முதல் அந்த விலக்கு போய்விட்டது. 2026 முதல் வாடகை ஒப்பந்தங்களுக்கு வரியைக் கணக்கிடும் பொறுப்பும் நம்முடையதே.

1. ஆண்டு வாடகையை 250ஆல் வகுங்கள். மீதி வந்தால் அடுத்த முழு எண். மாதம் 600 என்றால் ஆண்டுக்கு 7,200, வகுத்தால் 28.8, அதாவது 29.

2. ஒப்பந்தம் ஓராண்டு வரை என்றால் அதை 1ஆல், ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3ஆல் பெருக்குங்கள். ஓராண்டுக்கு வரி 29 ரிங்கிட் (விலக்கு இருந்தபோது 20). 200 ரிங்கிட் அறைக்கு முன்பு ஒன்றுமில்லை, இப்போது 10.

சறுக்குவது இங்கேதான். "2026 மார்ச் 1 முதல் 2027 மார்ச் 1 வரை" என்று எழுதினால் அது ஓராண்டும் ஒரு நாளும். 29 ரிங்கிட் 87 ஆகிவிடும். முடியும் தேதியை பிப்ரவரி 28 என்றே போடுங்கள். கடையில் விற்கும் அச்சுப் படிவத்தை நிரப்பும்போது இந்தத் தவறு சுலபமாக நேரும். ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து தேதிகளை இருவரும் சேர்ந்து சரிபார்ப்பதே மேல்.

3. கையெழுத்தான ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தில் ஓரம் வெட்டுப்படும், கையெழுத்து மங்கும். ஜெராக்ஸ் கடையே நல்லது.

4. வருமான வரி வாரியத்தின் மைடாக்ஸ் (MyTax) இணையத் தளத்தில் நுழைந்து, முத்திரை வரிப் பகுதியில் விவரங்களை நிரப்பிப் பணம் செலுத்துங்கள். வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி வேண்டுமென்றால் அதற்குத் தனியாக 10 ரிங்கிட். முத்திரைச் சான்றிதழை ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள்.

கெடு, கையெழுத்திட்ட நாளிலிருந்து 30 நாள். குடிபுகுந்த நாளிலிருந்து அல்ல! தவறினால் முதல் மூன்று மாதத்துக்குள் 50 ரிங்கிட் அல்லது வரியில் 10 விழுக்காடு, இரண்டில் எது கூடுதலோ அது. அதற்குப் பிறகு 100 ரிங்கிட் அல்லது 20 விழுக்காடு. 29 ரிங்கிட் வரிக்கு 50 ரிங்கிட் அபராதம் கட்டுவது வயிற்றெரிச்சல்தான்.

முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்பவருக்கும், வாடகை பாக்கி கேட்பவருக்கும் அது ஒரே அடி.

பின்சேர்க்கை: வாடகை தரவில்லை என்று வீட்டுக்காரர் பூட்டை மாற்றலாமா? கூடாது. 1950ஆம் ஆண்டு தனித் தீர்வுச் சட்டத்தின் (Specific Relief Act) 7(2) பிரிவுப்படி, குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்ற ஆணை வேண்டும். ஓராண்டு முடிந்து புது ஒப்பந்தம் போட்டால் அதற்கும் முத்திரை வரி உண்டு, 30 நாள் கெடுவும் புதிதாகத் தொடங்கும்.