நுரைமிதப்பு மாடலை பைலட் பிளான்ட் தரவோடு பொருத்திப் பார்ப்பது எப்படி?

வடசென்னையில் சுரங்கம் ஏது என்று கேட்காதீர்கள். தாது எங்கோ தோண்டப்படுகிறது. அதன் எண்கள் மட்டும் எக்செல் கோப்பாகத் தண்டையார்பேட்டையில் என் மேசைக்கு வருகின்றன. நுரைமிதப்பு என்றால், அரைத்த தாதுவைத் தண்ணீரில் கலந்து காற்றுக் குமிழ் விட்டு, உலோகம் உள்ள துகள்களை நுரையோடு மேலே வரவழைப்பது. அதில் எவ்வளவு உலோகம் கிடைக்கும் என்று கணிக்கும் மாடல் தயார், சிறு அளவில் சோதித்துப் பார்க்கும் ஆலையான பைலட் பிளான்ட் ஓட்டிய தரவும் வந்தாயிற்று. மாடலை நம்பலாமா? செம்புத் தாதுவை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை.

1. முதலில் சாம்பிளைச் சந்தேகப்படுங்கள்

தொட்டிக்குள் போகும் ஃபீடில் செம்பு 2%, நுரையோடு வழியும் கான்சன்ட்ரேட்டில் 20%, கழிவாகப் போகும் டெய்லிங்கில் 0.2%. ஃபீடிலிருந்து டெய்லிங்கைக் கழித்தால் 1.8. கான்சன்ட்ரேட்டிலிருந்து கழித்தால் 19.8. மீட்பு, அதாவது ஃபீடில் இருந்த செம்பில் கான்சன்ட்ரேட்டுக்கு வந்த பங்கு = (20 × 1.8) ÷ (2 × 19.8), அதாவது 90.9%. இப்போது டெய்லிங்கை மட்டும் 0.3% என்று மாற்றிப் போடுங்கள். 86.3% வரும். இத்தனூண்டு பிசகுக்கு நாலரைப் புள்ளி காலி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நுரை வழியும் விளிம்பின் ஒரு மூலையில் மட்டும் வாளியைப் பிடித்து சாம்பிள் எடுத்துவிட்டு, இரண்டு வாரம் மாடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். வழியும் நீரோட்டத்தின் முழு அகலத்தையும் வெட்டி எடுக்க வேண்டும். ஃபீடை மாற்றினால், ஸ்லரி (தாதுத்தூள் கலந்த தண்ணீர்) தொட்டிகளில் தங்கும் நேரத்தைப் போல மூன்று மடங்காவது காத்திருந்து, அப்புறம் சிறிது சிறிதாகப் பல தடவை எடுத்துச் சேருங்கள். உள்ளே வந்த செம்பும் வெளியே போன செம்பும் டாலி ஆகாத சோதனை ஓட்டத்தை ஒதுக்கி வையுங்கள்.

2. தொட்டிக்கு ஏற்ற சூத்திரம்

நிறைய பேர் வழுக்குவது இங்கேதான். ஆய்வகத்தில் ஒரே தொட்டியில் ஊற்றி, நேரம் பார்த்து நுரையை வழிக்கிறோம். மிதப்பு வேகம் நிமிடத்துக்கு 0.5, எவ்வளவு நேரம் விட்டாலும் கிடைக்கக்கூடிய உச்சம் 95% என்றால், முதல்படி வேகச் சூத்திரப்படி, அதாவது உச்சம் × (1 − e^(−வேகம் × நேரம்)), 10 நிமிடத்தில் 94.4% வந்துவிடும்.

பைலட்டில் ஸ்லரி வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறது. சராசரி 10 நிமிடம் தங்கினாலும், நன்றாகக் கலக்கும் தொட்டியில் சில துகள்கள் வந்த சூட்டோடு வெளியேறிவிடும். இதற்கு வேகத்தையும் நேரத்தையும் பெருக்குங்கள்: 5. அதை 1 + 5 ஆல் வகுத்து, உச்சத்தால் பெருக்கினால் 79.2%தான். அதே 10 நிமிடத்தை வரிசையாக நான்கு தொட்டிகளுக்குப் பிரித்தால் 91.3%. தாதுவும் அதேதான், வேகமும் அதேதான். ஆய்வகச் சூத்திரத்தை அப்படியே பைலட்டில் போட்டுவிட்டு மாடல் பொய் சொல்கிறது என்றால் எப்படி?

3. தரவைப் பிரியுங்கள்

12 ஓட்டங்கள் இருந்தால் எட்டை வைத்து மிதப்பு வேகத்தையும் உச்சத்தையும் கண்டுபிடியுங்கள். பிழை குறையும் எண்களைத் தேடித்தரும் எக்செலின் சால்வர் போதும். மீதி நாலைத் தொடவே கூடாது. கேரம் ஆடும் ஊர் இது, சொன்னால் புரியும்: வீட்டு போர்டில் எல்லாக் காயும் விழும், அடுத்த தெரு போர்டில் ஸ்ட்ரைக்கர் எப்படிப் போகிறது என்பதுதான் ஆட்டம். ஒதுக்கும் நாலில் ஃபீட் வேகமோ தரமோ கொஞ்சம் மாறிய ஓட்டங்களும் இருக்கட்டும்.

4. பிழை எந்தப் பக்கம் சாய்கிறது?

அளந்ததிலிருந்து மாடல் சொன்னதைக் கழித்து, ஃபீட் வேகத்துக்கு எதிராக வரையுங்கள். புள்ளிகள் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் சிதறிக் கிடந்தால் சரி, அது அளவீட்டு இரைச்சல். ஒரு பக்கமாக ஏறினாலோ இறங்கினாலோ மாடலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

செம்பு மீட்பு பொருந்துகிறது, கான்சன்ட்ரேட் தரம் மட்டும் மாடல் சொன்னதைவிடக் குறைகிறதா? பருப்பு பொங்கும்போது நுரையோடு மஞ்சள்தூளும் அடுப்பில் வழியும், பார்த்திருப்பீர்கள். மஞ்சள் தானாக மிதக்கவில்லை, தண்ணீர் தூக்கி வந்தது. அரைத்த தாதுவின் நைஸான மண்துகளும் அப்படித்தான் கான்சன்ட்ரேட்டுக்குள் ஏறிவிடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஃபீட் தண்ணீரில் எத்தனை சதவீதம் நுரையோடு போனது, மண்ணில் எத்தனை சதவீதம் போனது என்று கணக்கிட்டு, ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை வரையுங்கள். கிட்டத்தட்ட நேர்கோடாக வந்தால் மிதப்பு வேகத்தில் கை வைக்காதீர்கள்; தண்ணீரோடு ஏறும் மண்ணுக்கு மாடலில் தனியாக ஒரு வரி சேர்த்துவிட்டு, மூன்றாம் படியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.