டோக்கியோவில் மொழிப் படிப்பு முடிகிறதா? எதை முதலில் மூடுவது, எதைக் கடைசியில் மூடுவது

தகாதனோபாபாவில் ஜப்பானிய மொழிப் பள்ளி, நிஷிகசாயில் அறை, நடுவில் தோசாய் லைன் ரயில். இப்படித்தான் நானும் இருந்தேன். படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மார்ச் நெருங்கினால் எல்லாரும் பெட்டியின் எடையைப் பற்றியே பேசுவார்கள். பெட்டியெல்லாம் ஒரு ராத்திரி வேலை. எதற்குப் பிறகு எதை முடிப்பது என்பதில்தான் தலைவலி.

போன் எண்ணை முதலில் ரத்து செய்தால் வங்கி அனுப்பும் ஓடிபி வராது. வங்கிக் கணக்கை முதலில் மூடினால் கடைசி கரண்ட் பில் கட்ட அலைய வேண்டும். அதனால் அறை, கரண்ட்-கேஸ்-தண்ணீர், வங்கி, போன் என்ற வரிசையிலேயே போங்கள். அறையைக் காலி செய்வதாகப் பொதுவாக ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பைதோ, அதாவது பகுதிநேர வேலைச் சம்பளம் பெரும்பாலும் அடுத்த மாதம்தான் ஏறும். கணக்கை மூடுவதற்குள் கிடைக்குமா, கையில் தருவார்களா என்று கடை மேனேஜரிடம் முன்பே கேளுங்கள். இன்னொன்று, வாரம் 28 மணி நேர வேலை அனுமதி மாணவராக இருக்கும் வரைதான். விசாவில் நாள் மிச்சமிருந்தாலும் படிப்பு முடிந்தபின் ஷிஃப்ட் போகக் கூடாது. "ரெண்டு வாரம்தானே" என்று கூப்பிடுவார்கள். போகாதீர்கள், அடுத்த விசாவில் வந்து நிற்கும்.

அப்புறம் சாமான்கள். கட்டில், நாற்காலி மாதிரிப் பெரிய குப்பையை வார்டில் முன்பதிவு செய்துதான் போட முடியும். கொன்பினி எனும் 24 மணி நேரக் கடையில் 200 யென், 300 யென் ஸ்டிக்கர் வாங்கி, பெயரையோ பதிவு எண்ணையோ எழுதி, பொருளின் மேல் ஒட்டி, சொன்ன நாள் காலையில் வெளியே வைக்க வேண்டும். மார்ச்சில் ஊரே வீடு மாறும், தேதி கிடைப்பது கஷ்டம். பிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் வார்டு எடுக்கவே எடுக்காது. மறுசுழற்சிக் கட்டணம் கட்டித்தான் தள்ளிவிட வேண்டும். ஏப்ரலில் புது பேட்ச் வருகிறதே, அவர்களில் யாருக்காவது சும்மா கொடுத்துவிடுங்கள். குக்கரையும் சேர்த்துக் கொடுத்தால் உங்கள் பெயரைச் சொல்லிச் சாப்பிடுவார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகம் போய் வெளிநாடு செல்வதாகப் பதிய வேண்டும். ரெசிடென்ஸ் கார்டு, மை நம்பர் கார்டு (நம் ஆதார் மாதிரி) இரண்டும் கையில் இருக்கட்டும். மருத்துவக் காப்பீட்டுப் பாக்கியை அங்கேயே தீர்த்துவிடலாம். குடியிருப்பு வரியைப் பற்றியும் கேளுங்கள். ஜனவரி 1 அன்று யார் அங்கே குடியிருந்தார்களோ அவர்களுக்கு, போன வருடச் சம்பளத்தைப் பொறுத்து, ஜூனில் பில் வரும். நீங்கள் அப்போது ஊரில் இருப்பீர்கள். உங்கள் சார்பில் கட்ட அங்கே ஒருவரைப் பதிந்துவிட்டு வருவது நல்லது.

பள்ளியில் படிப்பு முடித்த சான்றிதழோடு வருகைப் பதிவுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள், இரண்டிரண்டு பிரதியாக. பிறகு வேலை விசாவுக்கு விண்ணப்பித்தால் வருகைப் பதிவைப் பார்ப்பார்கள். ஜூலையில் ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் தேர்வை எழுதிவிட்டுச் சான்றிதழ் தபாலில் வரும் முன்பே கிளம்புகிறவர்கள், தங்கியிருக்கும் நண்பர் முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

ரயிலில் தட்டிப் போகும் சூய்கா, பாஸ்மோ கார்டைத் திருப்பிக் கொடுத்தால் 500 யென் டெபாசிட் கிடைக்கும். நான் கொடுக்கவில்லை. கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து 10 வருடம் செல்லும், திரும்பப் போகாமலா இருப்போம்!

விமான நிலையப் படிவத்தில் 'மீண்டும் வருவேன்' என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள், அது இதே விசாவில் திரும்புகிறவர்களுக்கு. அதிகாரி ரெசிடென்ஸ் கார்டில் ஓட்டை போட்டுத் திருப்பித் தருவார். பத்திரமாக வையுங்கள்.

தேசியப் பென்ஷன் 6 மாதமாவது கட்டியிருந்தால் ஒரு தொகையைத் திரும்பப் பெறலாம். ஜப்பானில் முகவரி நீங்கியதிலிருந்து 2 வருடத்துக்குள், ஊரிலிருந்தே தபாலில் விண்ணப்பிக்கலாம். பென்ஷன் எண் உள்ள காகிதத்தைக் குப்பையோடு போட்டுவிடாதீர்கள். நம் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பணம் வர வேண்டிய ஊர் வங்கிக் கணக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும். முதலில் வங்கியில் பெயரைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் விண்ணப்பத்தை அனுப்புங்கள்.