ஓயாச் சக்கரம் இயங்குமா? நீங்களே கணக்கிட்டுச் சோதிக்கும் முறை

எடையாலோ காந்தத்தாலோ தானாகவே சுழலும் சக்கரம் என்னும் எண்ணம் மிகப் பழையது. இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியில், உள்ளீடற்ற ஆரக்கால்களில் பாதியளவு பாதரசம் நிரப்பிய சக்கரம் தானே சுழலும் என்று கூறப்பட்டுள்ளது. இது இயங்காது என்பதே என் உறுதியான முடிவு. ஆனால் ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்னும் ஆற்றல் மாறா விதியைச் சொல்லி விவாதத்தை முடித்துவிடுவதால் ஆர்வமுள்ள மாணவருக்கு நிறைவு கிடைக்காது. தாமே கணக்கிட்டுப் பார்ப்பதே நல்லது.

முதல் படி: வரைபடம்

தாளில் ஒரு வட்டம் வரையுங்கள். வலப்பக்கம் இறங்கும் எடைகள் மையத்திலிருந்து 30 செ.மீ. தொலைவிலும், இடப்பக்கம் ஏறும் எடைகள் 20 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் குறியுங்கள். தொலைவு கூடினால் திருப்புத்திறன் (சக்கரத்தைச் சுழற்றும் திறன்) கூடும் என்பதால், வலப்பக்கம் எப்போதும் வெல்லும் என்றே இந்த நிலையில் தோன்றும். இவ்வகைச் சக்கரத்தை நம்புவோர் பலரும் இந்தப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: ஒரு முழுச்சுற்றுக் கணக்கு

இதுதான் முதன்மையான படி, அவசரப்படாமல் செய்யுங்கள். 100 கிராம் எடை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது புறப்பட்ட இடத்திற்கே திரும்பும்வரை பின்தொடருங்கள். வலப்பக்கம் உச்சியிலிருந்து அடிவரை 60 செ.மீ. இறங்கும்போது அது ஏறத்தாழ 0.588 ஜூல் ஆற்றலைத் தருகிறது. இடப்பக்கம் 40 செ.மீ. ஏறுவதற்கு 0.392 ஜூல் செலவாகிறது. 0.196 ஜூல் மிச்சம் என்று மகிழ்வதற்கு முன், அடியில் அந்த எடை 30 செ.மீ. தொலைவிலிருந்து 20-க்கு வரவேண்டும் என்பதைக் கவனியுங்கள்: அது 10 செ.மீ. மேலே தூக்கப்பட வேண்டும். உச்சியில் 20-இலிருந்து 30-க்குப் போவதும் 10 செ.மீ. மேல்நோக்கிய நகர்வே. இவ்விரண்டு தூக்கல்களுக்கும் தலா 0.098 ஜூல் தேவை. கூட்டினால் அதே 0.196 ஜூல். எடை நகரும் இடங்களை மாற்றி வேறு பாதை வரைந்தாலும், எடை தொடங்கிய உயரத்திற்கே திரும்புவதால் விடை சுழியமாகவே வரும். உராய்வை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: செய்து பார்த்தல்

நன்றாகச் சுழலும் மிதிவண்டி முன்சக்கரம் ஒன்றை நிலையான தாங்கியில் பொருத்துங்கள். சம இடைவெளியில், ஒரே பக்கமாகச் சாய்ந்த நிலையில், இருமுனையும் அடைத்த பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எஃகுக் குண்டு இடுங்கள். பாதரசம் நஞ்சு என்பதால் அதை வீட்டில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். சக்கரத்தைத் தள்ளிவிட்டால் சிறிது நேரம் ஓடி, முன்னும் பின்னும் ஆடி நிற்கும். நின்றபின், ஒவ்வொரு குண்டும் மையத்தின் வழியே செல்லும் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு கிடைமட்டத் தொலைவில் உள்ளது என்று அளந்து, இருபக்கங்களையும் தனித்தனியே கூட்டுங்கள். சக்கரமும் குழாய்களும் சமநிலையில் இருந்தால், இரு கூட்டுத்தொகைகளும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்.

நான்காம் படி: காந்தம்

குண்டுகளையும் குழாய்களையும் அகற்றிவிட்டு, விளிம்பில் சிறு நியோடிமியம் காந்தங்களை ஒட்டி, அவற்றை விலக்கும் முகமாக வெளியே ஒரு நிலைக் காந்தத்தை வையுங்கள். விளிம்பு அலுமினியமாக இருந்தால் காந்தத்தைக் கடக்கும்போது அந்த உலோகத்தில் தோன்றும் சுழல் மின்னோட்டமே சக்கரத்தைத் தடுக்கும் என்பதால், மரச் சக்கரமோ பிளாஸ்டிக் சக்கரமோ சிறந்தது. அச்சில் நூல் சுற்றி, அதில் தொங்கும் எடையை ஒரே உயரத்திலிருந்து விழவிட்டுச் சக்கரத்தை ஓடவிடுங்கள். நிலைக் காந்தத்தோடு ஒருமுறையும் அதை அகற்றிவிட்டு ஒருமுறையும் ஓடவிட்டு, நிற்கும்வரையான நேரத்தைக் குறியுங்கள். நிலைக் காந்தம் ஓட்டத்தை நீட்டிக்காது. விலகிச் செல்லும் காந்தத்திற்குக் கிடைக்கும் உந்துதல், நெருங்கி வந்தபோது எதிர்த்த தள்ளலுக்கு ஈடாகிவிடுகிறது. இடையில் இரும்புத் தகட்டை நுழைத்து எதிர்ப்பை மட்டும் மறைக்கலாம் என்பாரும் உண்டு. அந்தத் தகட்டை நுழைக்கவும் எடுக்கவும் செலவாகும் வேலையைக் கணக்கில் சேர்த்தால் அந்த ஆதாயமும் மறைந்துவிடும்.

பிறர் காட்டும் சக்கரத்தை ஆராயும்போது

நீண்ட நேரம் ஓடுவது மட்டுமே சான்றாகாது. ஜெர்மனியில் பெஸ்லர் என்பவரின் சக்கரம் 1717-இல் பூட்டிய அறையில் 54 நாள் ஓடியதாகப் பதிவு உண்டு. ஆனால் அதன் உட்புறத்தை அறிஞர்கள் ஆராய அவர் இடமளிக்கவில்லை. ஆகவே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மின்கலம், மின்கம்பி, காற்றுக்குழல் எதுவும் இல்லை என்று பாருங்கள். பின்பு அச்சில் சிறு மின்னாக்கியை இணைத்து ஒரு விளக்கை எரியவிடச் சொல்லி, சக்கரத்தின் வேகம் குறைகிறதா என்று கடிகாரத்தை வைத்து அளந்துகொள்ளுங்கள்.