பழைய காமிக்ஸில் பூச்சியா? ஃப்ரீசரில் வையுங்கள்

பழைய புத்தகக் கடையில் கிடைத்த முத்து, லயன் காமிக்ஸை நேராக அலமாரியில் அடுக்காதீர்கள். ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். முதுகு ஓரத்தில் ஒளிந்திருக்கும் ராமபாணப் பூச்சியும் அதன் முட்டையும் மைனஸ் 18 டிகிரியில் செத்துவிடும், மருந்து வேண்டாம், அந்துருண்டை வாடையும் தாளில் ஏறாது. ஒரே ஒரு இதழோடு வரும் பூச்சி, வருஷக்கணக்கில் தேடிச் சேர்த்த மொத்த அடுக்கையும் அரித்துவிடும், அதனால் இந்தப் பொறுமை அவசியம்.

வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்கவே கூடாது. ஒரு நாள் முழுக்க மேசையில் அப்படியே கிடக்கட்டும். குளிர்ந்த தாளில் நம்ம ஊர் ஈரக்காற்று பட்டால் வியர்த்து நியூஸ்பிரிண்ட் நெளிந்துவிடும், அப்புறம் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை இறங்கும். அந்தக் கறை போகவே போகாது.

பூஞ்சணம் பிடித்த இதழுக்கு இது உதவாது, குளிரில் அது சாகாமல் அடங்கியிருக்கும், அவ்வளவுதான். நனைந்த புத்தகத்தையும் முதலில் நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரி அளவுக்குக் குளிராது.