ஒரே மாஷில் இரண்டு பியர்: வலுவானதும் இலேசானதும்

வீட்டில் வலுவான பியர் தயாரிப்பவர், முதல் சாறு வடிந்தவுடன் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சக்கையைக் கொட்டிவிட்டால், கரைந்து வந்த சர்க்கரையில் ஐந்தில் இரண்டு பங்கையாவது அதனுடன் சேர்த்து இழக்கிறார். அந்தச் சக்கையில் மீண்டும் வெந்நீர் ஊற்றி, வடியும் இளஞ்சாற்றைத் தனியே காய்ச்சி இரண்டாவது பியராக்கும் பழைய ஆங்கிலேய முறைக்குப் பார்ட்டி-கைல் என்று பெயர். இரண்டாவதை மிச்சத்தில் செய்த பியராகக் கருதுவதே இதில் பலரும் செய்யும் பிழை. அதற்குரிய மால்ட், கசப்பு தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் ஆகியவற்றையும் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பியரும் 13 லிட்டர் வீதம் கிடைக்க, உடைத்த பேல் மால்ட் (வெளிர் நிற அடிப்படை மால்ட்) 8 கிலோவும், அதை ஊறவைக்க 35 லிட்டர் கொள்ளும் பாத்திரமும் தேவை. 24 லிட்டர் நீரை 72 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி மால்ட்டுடன் கட்டியின்றிக் கலந்தால், மாஷ் எனப்படும் இந்தக் கலவையின் வெப்பம் 66 பாகையில் வந்து நிற்கும். மூடி ஒரு மணி நேரம் வைத்த பின், முதலில் வடியும் கலங்கலான சாற்றை மெதுவாகத் திரும்ப மேலே ஊற்றி, தெளிந்த பிறகே சேகரிக்க வேண்டும். மால்ட் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், 16 லிட்டர் சாறு கிடைக்கும். ஒரு மணி நேரக் கொதியில் 3 லிட்டர் ஆவியானால், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் அதை (நீருக்கு 1.000 என்ற அளவில்) 1.090 அல்லது சற்று மேலாகக் காட்டும்.

பிறகு 80 பாகை வெந்நீர் 16 லிட்டரை ஊற்றும்போது, 300 கிராம் கிரிஸ்டல் மால்ட்டையும் (நிறமும் இனிப்பும் தரும் வறுத்த மால்ட்) சேர்த்துக் கிளறி 20 நிமிடம் விடுங்கள். வெறும் பேல் மால்ட்டின் இரண்டாம் சாறு நிறத்திலும் சுவையிலும் மெலிந்திருக்கும். இந்தச் சிறு அளவு அதற்குத் தேவையான அடர்ந்த வாயுணர்வைத் தருவதால், இதைத் தவிர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. மால்ட் படுகையின் வெப்பம் 77 பாகையைத் தாண்டினாலோ, வடியும் சாற்றின் அடர்த்தி 1.010க்குக் கீழே இறங்கினாலோ உமியின் துவர்ப்பு பியரில் ஏறிவிடும். கொதித்து முடிந்தபின் இந்த இரண்டாம் சாறு 1.040 அளவில் நிற்க வேண்டும்.

மிகுந்த கவனம் வேண்டியது ஹாப்ஸ் கணக்கில்தான். அடர்த்தி கூடக்கூட ஹாப்ஸின் கசப்பு சாற்றில் குறைவாகவே இறங்கும் என்பதால், இரண்டு மடங்கு கசப்புக்கு இரண்டு மடங்கு ஹாப்ஸ் போதாது. கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் 10 விழுக்காடு உள்ள ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்கவிடும்போது, வலுவான பியர் 50 ஐபியு (பியரின் கசப்பை அளக்கும் அலகு) கசப்பைப் பெற 40 கிராம் தேவைப்படும். இலேசானது 25 ஐபியு பெற 13 கிராமே போதும். ஒரே கைப்பிடி அளவை இரண்டிலும் போட்டால் இரண்டாவது பியர் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசந்துவிடும்.

காய்ச்சிய இரண்டு சாறுகளையும் வெவ்வேறு விகிதத்தில் கலப்பதும் இம்முறையின் பகுதியே; லண்டனின் ஃபுல்லர்ஸ் ஆலை தன் பல பியர்களை ஒரே மாஷிலிருந்து இப்படித்தான் பிரித்தெடுத்தது. 1.090 சாற்றில் 2 லிட்டரை 1.040 சாற்றில் 8 லிட்டருடன் சேர்த்தால் 1.050 கிடைக்கும்: 90ஐ 2 ஆலும் 40ஐ 8 ஆலும் பெருக்கிக் கூட்டி, மொத்த லிட்டரான 10 ஆல் வகுத்தால் 50. கசப்பும் இதே கணக்கில் கலந்துவிடும். ஒரு சாறு எதிர்பார்த்த அடர்த்திக்கு வராமல் போனாலும், ஈஸ்ட் இடுவதற்கு முன் இவ்வாறு கலந்து சரிசெய்யலாம்.

இரண்டையும் 20 பாகைக்குக் குளிரவைத்து, 11 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் இரண்டில் ஒன்றரைப் பங்கை வலுவானதிலும் அரைப் பங்கை இலேசானதிலும் இடுங்கள். முன்னது 9 விழுக்காட்டை ஒட்டிய ஆல்கஹாலுடனும் பின்னது 4 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் முடியும். இலேசான பியரை ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. வலுவானதைப் புட்டியில் அடைக்கும்போது அதன் ஈஸ்ட் களைத்திருக்கும் என்பதால், சர்க்கரையுடன் சிறிது புது ஈஸ்ட்டும் சேர்த்து, குறைந்தது மூன்று மாதங்கள் இருட்டான, குளிர்ந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும்.