பைலட் ஆக வேண்டுமா? பணம் கட்டும் முன் படியுங்கள்

பைலட் ஆக யோசனை கேட்டு என்னிடம் வருபவர்கள் எந்தப் பயிற்சிப் பள்ளி நல்லது என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது: "கிளாஸ் 1 மெடிக்கல் (விமானிக்கான மருத்துவத் தகுதிச் சான்று) எடுத்தாச்சா?"

கமர்ஷியல் லைசென்ஸுக்கு அந்தச் சான்று கட்டாயம். மூக்குக் கண்ணாடி தடையே இல்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் சர்வதேச விதிப்படி போதும். பலருக்குக் காலை வாருவது நிறப் பார்வைதான். என்னோடு சேர்ந்த ஒருவன், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை முதன்முதலாகப் பார்த்ததே பாதிப் பணம் கட்டிய பிறகுதான். பணம் திரும்பவில்லை. அதனால் முதலில் மெடிக்கல், பிறகு மற்றதெல்லாம்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது விளம்பரத்தில் உள்ள விமானங்களை எண்ணாதீர்கள், அன்றைக்குப் பறப்பவற்றை எண்ணுங்கள். நான் படித்த இடத்தில் கணக்குக்கு ஐந்து செஸ்னா பயிற்சி விமானங்கள். இரண்டு, உதிரிபாகம் வராமல் ஹேங்கரிலேயே தூசி படிந்து கிடந்தன. விடியற்காலையில் போய் நின்று, பறக்கும் பட்டியலில் பெயர் இல்லாமல் அறைக்குத் திரும்பிய நாட்கள் எத்தனையோ. ஒன்றரை வருடத்தில் முடியும் என்றார்கள். இரண்டரை வருடம் இழுத்தது. அங்கே படிக்கும் ஒருவரின் லாக்புக்கை, அதாவது பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் பதிவேட்டை, கேட்டு வாங்கி, போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார் என்று பாருங்கள். முழுக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டவே கட்டாதீர்கள்.

சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு கமர்ஷியல் லைசென்ஸுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி என்றால் 150. வயது 18 ஆகியிருக்க வேண்டும். 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு பயணமும் உண்டு, இடையில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். வானிலை, நேவிகேஷன், விமானச் சட்டத் தேர்வுகளைப் பறக்கத் தொடங்குமுன்பே முடித்துவிட்டால் நிம்மதி. நான் தள்ளிப்போட்டு, வானிலைத் தாளை இரண்டு முறை எழுதினேன்.

முதல் சோலோவை, அதாவது முதன்முதலாகத் தனியாகப் பறப்பதைப் பற்றி ஒன்று மட்டும். பயிற்றுநர் இறங்கிப் போனதும் அவருடைய எடையும் போய்விடும். விமானம் பழக்கமில்லாத வேகத்தில் மேலேறும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நிர்ணயித்த உயரத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன்.

சரி, லைசென்ஸ் வந்தாச்சு. வேலை? ஏ320, 737 போன்ற ஒவ்வொரு ஜெட் வகைக்கும் தனித்தனி டைப் ரேட்டிங், அதாவது அந்த வகையை ஓட்டுவதற்கான தகுதி வேண்டும். அதற்கான பயிற்சி பெரும்பகுதி சிமுலேட்டரில்தான். வேலை உறுதியாகும் முன் சொந்தப் பணத்தில் அதைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. கூப்பிடும் நிறுவனம் வேறு வகை விமானம் வைத்திருந்தால் அவ்வளவும் வீண்.

லைசென்ஸுக்கும் முதல் வேலைக்கும் நடுவில் உள்ள காலத்துக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். எனக்கு அது 19 மாதம். விமானத் துறை 2001, 2008, 2020 மூன்றிலும் அடி வாங்கியது. அந்த நேரத்தில் லைசென்ஸ் வாங்கியவர்கள் திறமையிருந்தும் காத்துக்கிடந்தார்கள். நான் பயிற்றுநர் ரேட்டிங் எடுத்து, மற்றவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தேன். சம்பளம் சொற்பம், ஆனால் லாக்புக் நிரம்பியது. அமெரிக்காவில் 2013 முதல் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் தேவை என்பதால், பலர் இந்த வழியில்தான் போகிறார்கள். சரக்கு விமானம், வான்வழி நில அளவை, ஏர் ஆம்புலன்ஸ் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், லாக்புக்கில் ஒவ்வொரு பக்கம் நிரம்பியதும் படம் பிடித்து வையுங்கள். என்னுடையது ஒரு மழையில் நனைந்து, 40 மணி நேரத்தைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து மறுபடி எழுதிக் கையெழுத்து வாங்க மூன்று வாரம் அலைந்தேன்.