பழைய கேமராவை விற்கப் போகிறீர்களா? குறையைக் கண்டுபிடிக்கவும் சொல்லவும் ஒரு செய்முறை

"கண்டிஷன் சூப்பர், ஒரு கீறல் கிடையாது." செகண்ட் ஹேண்ட் கேமரா விளம்பரங்களில் பாதி இப்படித்தான் இருக்கும். எழுதுபவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அவர் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததே இல்லை. வெளிக்கீறலை வாங்க வருபவரே பார்த்துக்கொள்வார். டீக்கடை வாசலில் பத்து நிமிடம் திருப்பிப் பார்த்தால் தெரியாத குறை என்று ஒன்று இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்வதற்கு முதலில் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் முறையாக விற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும்.

படி 1: லென்ஸுக்குள் டார்ச்

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, முன்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, பின்பக்கமிருந்து பாருங்கள். அப்புறம் திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை. கேனான் இஎஃப் லென்ஸின் அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை) கழற்றிய நிலையில் முழுதாகத் திறந்தே இருக்கும். நிக்கான் எஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) லென்ஸ்களில் பெரும்பாலானவை மூடிக்கொள்ளும். பின்னால் இருக்கும் சின்ன லீவரை விரலால் தள்ளிப் பிடித்தால்தான் உள்ளே தெரியும்.

கிளைவிட்டுப் பரவிய மெல்லிய இழைகள் தெரிந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. தனித்தனிப் புள்ளிகள் என்றால் தூசி. அது எல்லா லென்ஸிலும் கொஞ்சம் இருக்கும், கவலை வேண்டாம். மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி மொத்தமாக மங்கியிருந்தால் ஹேஸ். படத்தில் கான்ட்ராஸ்ட்டைக் குறைப்பதில் ஓரத்து ஃபங்கஸைவிட இதுவே மோசம். அப்படியே அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுமினுக்கிறதா என்றும் பாருங்கள்.

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வீடு என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் ஃபங்கஸ் வளரத் தோதான நிலை. நம் ஊரில் கடலோரத்தில் அது அநேகமாக தினசரி நிலவரம். லெதர் உறையில் போட்டு பீரோவுக்குள் பூட்டிவைத்த லென்ஸ்தான் முதலில் மாட்டும். இழை மேலோட்டமாக இருந்தால் துடைத்து எடுத்துவிடலாம். கண்ணாடிமேல் பூசிய கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்த பிறகும் தடம் போகாது. அதனால் "க்ளீன் செய்தாச்சு" என்று மட்டும் சொல்வது அரை உண்மை. க்ளீன் செய்த பிறகு தடம் இருக்கிறதா இல்லையா, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விடியற்காலையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்று உலோகத்தில்தான் முதலில் தெரியும். ஃபிளாஷ் செருகும் இடம், மவுண்ட்டின் திருகுகள், பேட்டரி அறையின் கான்டாக்ட்கள், டிரைபாட் திருகும் ஓட்டை: இங்கெல்லாம் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா பாருங்கள். பூத்திருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் படம் பிடித்துப் போடாதீர்கள். இருப்பதை இருக்கிறபடி எடுங்கள்.

படி 2: சென்சார் (படத்தைப் பதியும் தகடு)

அப்பர்ச்சர் எஃப்16 (துளை சிறியது), ஐஎஸ்ஓ 100. ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ ஒரு படம் எடுத்து, கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் ஒட்டிய தூசி சாம்பல் புள்ளிகளாக அங்கேதான் தெரியும். துளையை அகலமாகத் திறந்து எஃப்1.8-இல் எடுத்த அழகான போர்ட்ரெய்ட்டைச் சிலர் மாதிரிப் படமாக அனுப்புவார்கள். அதில் எந்தச் சென்சாரும் சுத்தமாகத்தான் தெரியும். தெரிந்தே அதை மட்டும் அனுப்பினால் அது மறைப்பு.

நிக்கான் டி600 வைத்திருந்தால் கூடுதலாக ஒரு வரி எழுத வேண்டும். 2012-இல் வந்த அந்த மாடலில் படத்தின் இடது மேல்மூலையில் புள்ளிகள் சேர்வது பெரிய புகாரானது. வாரண்டி முடிந்திருந்தாலும் ஷட்டரை (ஒளியைத் திறந்து மூடும் திரை) இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று 2014 பிப்ரவரியில் நிறுவனம் அறிவித்தது. உங்கள் பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா) ஷட்டர் மாற்றப்பட்டதா? அதைச் சொல்லாமல் டி600 விற்பதில் அர்த்தமில்லை.

படி 3: ஷட்டர் கவுன்ட்

ஷட்டர் இதுவரை எத்தனை தடவை இயங்கியது என்ற எண் இது. நிக்கானில் ஜேபெக் கோப்பின் எக்ஸிஃப் தகவலிலேயே (படத்தோடு பதிவாகும் விவரம்) எண் கிடைக்கும். கேனானில் பெரும்பாலும் யுஎஸ்பி வழியே மென்பொருள் வைத்துத்தான் படிக்க வேண்டும். கேனான் 5டி மார்க் 4-க்கு 1,50,000, நிக்கான் டி850-க்கு 2,00,000 தடவை ஷட்டர் தாங்கும் என்று நிறுவனங்கள் சொல்லும் கணக்கு உண்டு. அதைத் தாண்டியும் ஓடும், அதற்கு முன்பே நிற்கவும் கூடும். எண்ணைப் படம் பிடித்துப் போட்டுவிடுங்கள். கல்யாண வீடியோவுக்கு ஓடிய பாடி என்றால் கவுன்ட் குறைவாகத்தான் காட்டும், உழைப்பு அதில் ஏறாது. "வீடியோவுக்குத்தான் அதிகம் பயன்படுத்தினேன்" என்று எழுதுவது உங்கள் வேலை.

படி 4: வந்துவந்து போகும் கோளாறு

இதுதான் கஷ்டமான படி. மனசு இங்கேதான் நழுவும். "எப்பவாவது ஒரு தடவைதானே வருது, அவர் கையில் வராமலே போகலாம்" என்று தோன்றும்.

ஒரு எடுத்துக்காட்டு. கேனான் 18-55 கிட் லென்ஸில் அப்பர்ச்சருக்குப் போகும் மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிள் நாளாக நாளாக முறியும். முழுதாகத் திறந்து எடுத்தால் ஒன்றும் ஆகாது. எஃப்8, எஃப்11 என்று மூடும்போது, அதுவும் ஜூமின் குறிப்பிட்ட இடத்தில் மட்டும், எர்ர் 01 என்ற பிழைச் செய்தி வரும். சந்திக்கும் இடத்தில் வாங்குபவர் ஆட்டோவில் வைத்து நாலு படம் எடுத்தால் நாலும் நன்றாகவே வரும். ஆகவே ஜூம் வளையத்தை நாலைந்து இடங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் எஃப்5.6, எஃப்8, எஃப்16 வைத்து எடுத்துப் பாருங்கள். அப்புறம் வீடியோவை இருபது நிமிடம் தொடர்ந்து ஓடவிடுங்கள். ஹாட் பிக்சலுக்கு (இருட்டிலும் மின்னும் சென்சார் புள்ளி) லென்ஸ் மூடியைப் போட்டு, நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிட்டு 30 விநாடி எக்ஸ்போஷர் ஒன்று. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மேசைமேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள்.

தண்ணீர் புகுந்த கேமராவும் இந்த வகைதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, எண்ணூர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நனைந்த பாடியை அரிசியில் புதைத்து உலர்த்தினால் மறுபடி உயிர் வரலாம். ஆனால் உள்ளே சர்க்யூட்டில் அரிப்பு மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும். சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்க்காத பாடியை ஸ்பேர் பார்ட்ஸுக்கு என்று சொல்லித்தான் விற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

படி 5: எழுதுவது

விளம்பரத்தில் முக்கியக் குறை முதல் வரியில். இப்படி:

"கேனான் 18-55 லென்ஸ். குறை: 35 எம்எம் தாண்டி எஃப்8-க்கு மேல் மூடினால் சில சமயம் எர்ர் 01 வருகிறது. பின்கண்ணாடி ஓரத்தில் ஃபங்கஸ் இழை ஒன்று, டார்ச் படம் இணைத்திருக்கிறேன். ஆட்டோ ஃபோகஸ் சரி. பிரித்து சர்வீஸ் செய்ததில்லை. பில் இல்லை."

"இருக்கிறபடி விற்பனை" என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் ஒளியாதீர்கள். நேர் எதிரான தந்திரமும் உண்டு: ரப்பர் தேய்மானம், ஸ்ட்ராப் அழுக்கு, மூடியில் கீறல் என்று பதினைந்து சில்லறைக் குறைகளை அடுக்கி, எர்ர் 01-ஐ நடுவில் புதைப்பது. படிப்பவர் ஆறாவது வரியிலேயே நிறுத்திவிடுவார் என்று எழுதுபவருக்குத் தெரியும்.

சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போடுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 17வது பிரிவுப்படி, தெரிந்த ஒன்றை ஏமாற்றும் நோக்கத்தில் மூடி மறைப்பது மோசடி. வெறுமனே பேசாமல் இருப்பது எல்லா நேரமும் மோசடி ஆகாது. 19வது பிரிவில் விலக்கும் உண்டு: வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரிந்திருக்கும் என்றால், நீங்கள் பேசாமல் இருந்ததைக் காட்டி அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரியும் கீறலுக்கும் கேபிள் முறிவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

படி 6: சந்திப்பு

வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாக இருக்கட்டும். வண்ணாரப்பேட்டை அல்லது தண்டையார்பேட்டை மெட்ரோ வாசல் இரண்டு பேருக்கும் வசதி. சார்ஜ் ஏற்றிய பேட்டரி, காலி மெமரி கார்டு, ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். குறையை நீங்களே செய்து காட்டுங்கள்.

"அண்ணா, இவ்ளோ குறை சொல்றீங்க, ரெண்டாயிரம் குறைச்சுக்கங்க" என்பார் வருகிற தம்பி. "குறையைச் சேர்த்துத்தான் தம்பி விலையே போட்டிருக்கேன்" என்று சொல்ல முடிய வேண்டுமானால், விலையை முன்பே அப்படிப் போட்டிருக்க வேண்டும். ஒரே மாடலின் நல்ல நிலை விலையைப் பார்த்து, அதில் ரிப்பேர் செலவைக் கழித்து, அதற்கும் கொஞ்சம் கீழே வையுங்கள். ரிப்பேருக்கு அலையப்போவது அவர்தானே.

படி 7: கைமாற்றிய பிறகு

குறைப் பட்டியல், சீரியல் நம்பர், ஷட்டர் கவுன்ட், தொகை, தேதி எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, "பார்த்தேன்" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்குள் பட்டியலில் இல்லாத கோளாறு வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று அதிலேயே எழுதலாம். அதுவரை அந்தப் பணத்தைச் செலவு செய்யாதீர்கள். பட்டியலில் இருக்கும் குறைக்காக அவர் திரும்பி வந்தால் செய்தியைக் காட்டினால் போதும், குரலை உயர்த்த வேண்டியதில்லை. டார்ச் படங்களையும் அழித்துவிடாதீர்கள். நாளை அவர் அதை விற்கும்போது, "இந்த இழை அப்பவே இருந்ததா ணா?" என்று உங்களைத்தான் கேட்பார்.